புதுக் கருப்பட்டி வந்தாச்சு

“புதுக் கருப்பட்டி வந்தாச்சு.”

உடன்குடியிலுள்ள எங்கள் கடையிலிருந்து வெளியூர் வாடிக்கையாளர்களுக்குப் பல மெயில்கள் போகின்றன. ஆண்டுதோறும் அதிகம் பதில் வருவது இந்த மூன்று சொல்லைத் தலையில் தாங்கிப் போகும் மெயிலுக்குத்தான். உள்ளே என்ன எழுதினேன், படம் எவ்வளவு அழகு என்பதெல்லாம் அடுத்த கதை. மெயில் பெட்டியைத் திறப்பவர் முதலில் பார்ப்பது இரண்டே விஷயம்: யார் அனுப்பியது, என்னவென்று எழுதியிருக்கிறது. அந்த இரண்டாவதைத்தான் சப்ஜெக்ட் என்கிறோம். அரசுக் கடிதத்தில் ‘பொருள்’ என்று போடுவது இதைத்தான்.

நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். மாமாவின் கடையில் கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, சில்லுக் கருப்பட்டி, பனங்கற்கண்டு விற்கிறோம். ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்களுக்கு மாமா போஸ்ட் கார்டு எழுதிப்போடுவார். விலை என்ன, சரக்கு எப்படி, எப்போது அனுப்பலாம் என்று நான்கு வரி. இப்போது அந்த வேலை மெயிலாகி என் கைக்கு வந்திருக்கிறது. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், துபாய், டொராண்டோ என்று பல ஊர்களில் பெறுநர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் காலத்தில் மெயில் எதற்கு என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி அன்று மாலைக்குள் கல்யாணப் படங்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் போய்விடும். மெயில் அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

நம்மூரில் பொருள் வரி எழுதத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடத்திலேயே விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். திங்கள்கிழமைகளில் தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். “பொருள்: பட்டா பெயர் மாற்றம் வேண்டுதல் தொடர்பாக” என்று தெளிவாக எழுதிய மனு மேசைக்கு வந்ததும் எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். “பொருள்: ஏழையின் கண்ணீர்” என்று எழுதியதை முழுக்கப் படித்தால்தான் விஷயம் புரியும். அங்கே மனுவை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதால் படிக்க ஆள் உண்டு. கடைக்காரரின் மெயிலைப் படித்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் கடமை இல்லை. விஷயத்தை வரியிலேயே சொல்லாவிட்டால் அங்கேயே தள்ளப்படும்.

எங்கள் சரக்கைப் பற்றிச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. திருச்செந்தூரிலிருந்து தெற்கே வரும்போது செம்மணல் தேரி தொடங்கும். அந்த மணலில் வளரும் பனைகளின் பதநீரைக் காய்ச்சி எடுப்பதுதான் உடன்குடிக் கருப்பட்டி. மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்குவார்கள். புளிக்காமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, விடியும் முன் ஏறி இறக்கி, விடிலி என்ற காய்ச்சும் குடிசையில் பெரிய சட்டியில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் எரித்துக் காய்ச்சுவார்கள். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஆடி முடிந்தால் பதநீர் வற்றிவிடும். 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது.

ஆனால் குறியீடு வந்ததும் சந்தேகம் போய்விடவில்லை. சீனிப்பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைய உண்டு. அந்தப் பொட்டலங்களும் ‘100% தூய’, ‘ஒரிஜினல்’, ‘பாரம்பரிய’ என்றுதான் சொல்கின்றன. பொய்ச் சரக்கும் மெய்ச் சரக்கும் ஒரே வார்த்தையைப் பேசும்போது அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை. “100% தூய உடன்குடிக் கருப்பட்டி” என்று பொருள் வரியில் எழுதினால், உண்மையே என்றாலும், வாசிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

நான் நம்புவது ஒன்றைத்தான்: வாசிப்பவர் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பொருள் வரியில் சொல்ல வேண்டும். எப்போது காய்ச்சியது, எந்தப் பக்கத்துப் பனை, எத்தனை கிலோ இருக்கிறது, எப்போது கையில் கிடைக்கும், இவையெல்லாம் சரிபார்க்கக்கூடியவை. ‘சிறந்த’, ‘அரிய’, ‘அற்புத’ என்பவற்றைச் சரிபார்க்க வழியில்லை.

பக்கத்துக் கடைத் தம்பி ஒருநாள் தன் மெயிலைப் போனில் காட்டினார். “அரிய வாய்ப்பு! தவறவிடாதீர்கள்!! சிறப்புத் தள்ளுபடி!!!” என்று இருந்தது.

“இதுல என்ன மதினி குறைச்சல்? பெரிய கம்பெனி எல்லாம் இப்படித்தான போடுதான்?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சாய்வு நாற்காலியிலிருந்து மாமா கேட்டார்: “ஏல, பனை வருஷா வருஷம் பாளை விடத்தான செய்யுது? அதுல என்ன அரிய வாய்ப்பு? சரக்கு எப்ப வந்துச்சு, யாரு காய்ச்சுனது, அதச் சொல்லு. வாங்குதவன் வாங்கிட்டுப் போறான்.”

அன்றைக்கே மாற்றினோம். “நேற்றுக் காய்ச்சிய சுக்குக் கருப்பட்டி, அரைக் கிலோ ஓலைக் கொட்டானில்.” ஒரு ஆச்சரியக்குறியும் இல்லை. நேற்று என்பது உண்மை, சுக்கு என்பது உண்மை, கொட்டான் என்பதும் உண்மை. வாசிப்பவருக்கு வாசனையே வந்துவிடும். அன்றிலிருந்து அந்தத் தம்பி இப்படித்தான் எழுதுகிறார்.

இதே கலையைக் கடைவீதியில் நாம் தினமும் பார்க்கிறோம். பெட்டிக்கடை வாசலில் தொங்கும் நாளிதழ் போஸ்டரைச் சொல்கிறேன். சைக்கிளில் போகிறவர் நிற்காமல் படிக்க வேண்டும். படித்ததும் நின்று ஒரு பேப்பர் வாங்க வேண்டும். அதற்காக நான்கைந்து சொல், பெரிய எழுத்தில். 1942இல் மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் எங்கள் திருச்செந்தூர் வட்டத்துக் காயாமொழியில் பிறந்தவர். பேச்சு வழக்குக்குப் பக்கத்தில் நிற்கும் எளிய தமிழில், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி செய்தி எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். இதழாளர்களுக்கென ஒரு கையேடே எழுதினார். மெயிலுக்குப் பொருள் வரி எழுதப் பழக ஆசைப்படுபவர் அமெரிக்கப் புத்தகம் எதையும் தேடிப் போக வேண்டாம். ஒரு மாதம் டீக்கடைப் போஸ்டர்களைப் படித்தால் போதும் என்பது என் எண்ணம்.

போஸ்டரிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பெரிய பாடம் சொல் வரிசை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ‘இல்லை’ என்பதும் கடைசியில்தான் வரும். பேசும்போது இது பிரச்சினை இல்லை, எதிரே இருப்பவர் முழுவதையும் கேட்பார். போனில் மெயில் பட்டியலைப் பார்த்தால் பொருள் வரி பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியோடு நிற்கும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, சொற்களும் நீளமானவை. என் போனில் நான்கு சொல் முழுதாகத் தெரிந்தால் அதிகம். “மழை குறைந்ததால் கருப்பட்டி உற்பத்தி…” என்று நின்றால் மேற்கொண்டு என்ன ஆனது? கூடியதா, குறைந்ததா, நின்றே போனதா? விஷயம் முழுவதும் அந்த மூன்று புள்ளிக்குள் மாட்டிக்கொண்டது. போஸ்டர் எழுதுபவர் இதை அப்படியே திருப்பிப் போடுவார்: “கருப்பட்டி வரத்து குறைவு: மழை இல்லை.” முக்கியமான பெயர்ச்சொல் முதலில், அடுத்து நடந்தது, அதன் பிறகு காரணம். வால் வெட்டுப்பட்டாலும் தலை தப்பிக்கும். நான் ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் நான்காவது சொல்லுக்குப் பிறகு கையால் மறைத்துவிட்டுப் படிப்பேன். மறைத்த பிறகும் பொருள் தந்தால்தான் அது போகும்.

கணினிக்குள் தமிழ்ப் பொருள் வரி படும் பாட்டையும் தெரிந்துகொள்வது நல்லது. மெயில் என்ற ஏற்பாடு ஆங்கில எழுத்தை மட்டும் மனத்தில் வைத்து உருவானது. தலைப்பகுதியில் பிற மொழி எழுத்துகளை அனுப்புவதற்கான விதி 1996இல்தான் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தது. அதன்படி நம் எழுத்துகள் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவையாக மாற்றப்பட்டுப் போகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி தமிழாகின்றன. ‘கருப்பட்டி’ நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறியீடு என்பதால் 10. ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்ள, மொத்தம் 30 பைட். பயணத்துக்காகக் கட்டும்போது அது 40 எழுத்தாகிவிடும். ஒரு கட்டுக்கு 75 எழுத்துதான் உச்சவரம்பு. ஆகவே நீளமான தமிழ் வரி பல துண்டாக வெட்டப்பட்டுப் போகும். ஒரு எழுத்தின் நடுவில் வெட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அதை மதிக்காத மென்பொருள் வெட்டினால் அந்த இடத்தில் கேள்விக்குறியும் கட்டமும் முளைக்கும். சிங்கப்பூரிலுள்ள வாடிக்கையாளர் ஒருவர் எடுத்தனுப்பிய படத்தில் வேறொரு கடையின் ‘பனங்கற்கண்டு’ நடுவில் ஓட்டையோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். சுருக்கமாக எழுதினால் இந்த ஆபத்தும் குறைகிறது. எப்படியும் முதலில் நமக்கே இரண்டு மூன்று வகை போனில், கணினியில் அனுப்பிப் பார்த்துவிட வேண்டும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து ஆங்கிலத்தில் எழுதிவிடுபவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஃபான்ட்டில் அடித்தது இன்னொரு கணினியில் படிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அதைச் சரிசெய்யத்தான் 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடியது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இன்று எல்லாப் போனிலும் தமிழ் தெரிகிறது. டொராண்டோவில் ஒருவருடைய மெயில் பெட்டியில் வங்கி, மின்கட்டணம், அலுவலகம் எல்லாம் ஆங்கிலத்தில் வரிசையாக நிற்க, நடுவில் ஒரே ஒரு வரி தமிழில் இருந்தால் கண் அங்கேதான் போகும். அது எங்களுக்குக் கிடைத்த பெரிய வரம். வீட்டில் பிள்ளைகள்தான் மெயில் பார்க்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது என்று சொன்னவர்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் வைத்து ஆங்கிலத்தில் அனுப்புகிறேன்.

விளம்பர மெயிலுக்குக் கெட்ட பெயர் வந்தது நேற்று இன்றல்ல. 1978 மே மாதம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி தூர்க், இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் மொத்த விளம்பர மெயில் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பெறுநர் பட்டியல் அதற்கான இடத்தில் கொள்ளாமல் வழிந்து, கடிதத்துக்குள்ளேயே முகவரிகளாகக் கொட்டிக்கிடந்தது. புகார் மேல் புகார் வந்தது. சரக்கும் விற்றது. அந்த இரண்டாவது விஷயம்தான் அடுத்து வந்தவர்கள் மனத்தில் நின்றுவிட்டது.

எப்படியாவது திறக்க வைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. யாரும் எழுதாத கடிதத்துக்குப் பதில் போலக் காட்டும் ‘ரீ:’, “உங்கள் பார்சல் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது”, “உங்கள் கணக்கில் சிக்கல்” என்று பதற வைத்து, திறந்தால் சேலை விளம்பரம். அமெரிக்காவில் 2004 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள கேன்-ஸ்பாம் சட்டம், உள்ளே இருப்பதைப் பற்றி ஏமாற்றும் பொருள் வரியை நேரடியாகத் தடைசெய்கிறது. சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கேட்காமல் மொத்தமாக அனுப்பும் விளம்பரத்தின் பொருள் வரி, அது விளம்பரம் என்று காட்டும் ‘ஏ.டி.வி.’ என்ற ஆங்கில எழுத்துக் குறியோடு தொடங்க வேண்டும். கனடாவில் 2014 முதல் பெறுபவரின் சம்மதம் இல்லாமல் வணிக மெயில் அனுப்ப முடியாது. உடன்குடியில் உட்கார்ந்து அனுப்பினாலும் அந்த நாடுகளில் இருப்பவர்களுக்கு அனுப்பும்போது இவற்றை மனத்தில் வைக்கத்தான் வேண்டும். நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தையே அடிப்படையாக வைக்கிறது. கடையில் ஒருமுறை பில் போடும்போது வாங்கிய முகவரிக்கு நான் மெயில் அனுப்புவதில்லை, “சரக்கு வரும்போது எழுதட்டுமா?” என்று கேட்டுச் சரி என்றவர்களுக்கு மட்டும்தான்.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தில் நடக்கும் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடைசெய்யும் நெறிமுறையை வெளியிட்டது. பட்டியலில் முதலில் இருப்பது போலி அவசரம். “இன்னும் 2 மணி நேரமே!”, “கடைசி 3 மட்டும்!” என்று இல்லாத நெருக்கடியை உண்டாக்குவது. பொருள் வரிகளில் அதிகம் பயன்படும் உத்தி இதுதான், அது முதலிடத்தில் இருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஏனென்றால் எங்கள் தொழிலில் அவசரம் உண்மையிலேயே இருக்கிறது. ஆடி போனால் பாளை சுண்டிவிடும். பனை ஏறுபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு விடிலியில் அந்த வாரம் காய்ச்சியது அவ்வளவுதான். “சில்லுக் கருப்பட்டி 40 கிலோ, இந்தப் பருவத்துக்கு இதோடு சரி” என்று நான் எழுதினால் கடையில் 40 கிலோதான் இருக்கும். 41வது கிலோ கேட்டவருக்கு அடுத்த மாசி வரை காத்திருங்கள் என்றுதான் பதில் போகும். நாள்தோறும் ‘கடைசி வாய்ப்பு’ என்று அனுப்பும் கடை, உண்மையான கடைசி வாய்ப்பு வரும் நாளில் அதைச் சொல்ல வார்த்தை இல்லாமல் நிற்கும்.

பொருள் வரியைச் சோதித்துப் பார்ப்பது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குப் பெரிய உதாரணம் 2012 அமெரிக்க அதிபர் தேர்தல். ஒபாமாவின் பிரசாரக் குழு ஒரே மெயிலுக்குப் பல பொருள் வரிகள் எழுதி, பட்டியலில் ஒரு சிறு பகுதிக்கு அனுப்பிப் பார்த்து, நன்கொடை அதிகம் கொண்டுவந்ததை மற்ற எல்லோருக்கும் அனுப்பியது. எதிரணி தன்னைவிட அதிகம் செலவழிக்கப்போகிறது என்று அதிபரே சொல்வது போன்ற ஒரு வரி மட்டும் 26 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. வெறுமே ‘ஹே’ என்று, தோளைத் தொட்டுக் கூப்பிடுவது போல எழுதியதும் மிகச் சிறப்பாக வேலை செய்தது. இதைப் படித்துவிட்டு இங்கே ஒருவர் வாடிக்கையாளருக்கு “என்ன, எப்படி இருக்கீங்க?” என்று மட்டும் எழுதினால் நடக்காது. அங்கே அனுப்புநர் பெயரில் பராக் ஒபாமா என்று இருந்தது. பெயரே பாதி வேலையைச் செய்துவிட்டது.

பட்டியல் சிறியதாக இருந்தால் அந்தச் சோதனைக்கே பொருளில்லை. 400 பேரை இரண்டு கூறாக்கி, 200 பேருக்கு ஒரு வரியும் 200 பேருக்கு இன்னொரு வரியும் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கூறில் 40 பேர் திறந்தார்கள், இரண்டாவதில் 46 பேர். இரண்டாவது வரி வென்றது என்று சொல்லத் தோன்றும். ஒரே வரியை இரண்டு கூறுக்கும் அனுப்பியிருந்தாலும் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாக வரும். லட்சக்கணக்கான முகவரி உள்ளவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு கைகொடுக்கும்.

திறந்தவர் எண்ணிக்கையையே நம்ப முடியாதபடி இன்னொன்றும் நடந்திருக்கிறது. மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை வைத்து, அது இறக்கப்பட்டால் திறந்தார் என்று கணக்கிடுவதுதான் முறை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காக்க ஒரு வசதி கொடுத்தது. அதை வைத்திருப்பவருக்கு வரும் படங்களை, அவர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடும். திறக்காதவரும் திறந்தவர் கணக்கில் ஏறிவிடுவார். வேவு பார்ப்பது நின்றதில் எனக்கு வருத்தமில்லை. நான் எண்ணுவது பதில்களை. “ரெண்டு கிலோ போடுங்க”, “போன தடவை கொஞ்சம் இளகலா வந்துச்சு, இந்தத் தடவை கெட்டியா பாத்து அனுப்புங்க”, “அம்மா தவறிட்டாங்க, இனிமே அரைக் கிலோ போதும்.” இப்படி வருபவற்றை மாமாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அடுத்த பொருள் வரி பெரும்பாலும் அந்தப் பதில்களுக்குள்ளிருந்துதான் கிடைக்கும். இளகிய கருப்பட்டி பற்றிப் பலர் கேட்டதால் ஒரு ஐப்பசியில் “மழைக்காலத்தில் கருப்பட்டி இளகினால் என்ன செய்வது” என்று எழுதினேன். அதில் விற்பதற்கு எதுவும் இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஈரம் படாமல் வையுங்கள், அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்தது இதற்காகத்தான் என்ற விவரம் மட்டும். நன்றி சொல்லி வந்த பதில்களின் அடியிலேயே ஆர்டரும் வந்தது.

இப்படிப் பயன் தரும் மெயில் ஆண்டு முழுவதும் எழுத விஷயம் இருக்கிறது. புரட்டாசியில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசரா வந்தால், வேடம் கட்டி வரும் லட்சக்கணக்கான பக்தர்களால் எங்கள் சாலைகள் நிறைந்துவிடும். கூரியர் வண்டி நகராது. “தசரா வாரம்: பார்சல் தாமதம், இரண்டு நாள்” என்று முன்கூட்டியே ஒரு வரி போகும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி, பிள்ளை பெற்றவளுக்கு மருந்து, மார்கழிக் குளிருக்குச் சுக்குக் காப்பி என்று வீட்டுத் தேவை ஒவ்வொன்றுக்கும் கருப்பட்டி வேண்டும். அந்தத் தேவை எந்த வீட்டில் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வரும்போது அவர்கள் பழைய மெயிலைத் தேடுவார்கள். அதனால் தேடும்போது தட்டச்சு செய்யக்கூடிய சொல் பொருள் வரியில் இருந்தே ஆக வேண்டும். “இனிய செய்தி ஒன்று” என்று எழுதியதை யாரால் தேடிக் கண்டுபிடிக்க முடியும்? “உளுந்தங்களிக்கு ஏற்ற கருப்பட்டி” என்று எழுதியது இரண்டு வருடம் கழித்தும் எழுந்து வரும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடுபவர்களுக்காக உள்ளே ஒரு இடத்தில் அந்த எழுத்துக்கூட்டலையும் போட்டுவைக்கிறேன்.

பொருள் வரியை ஒட்டி மங்கலாகத் தெரியும் இன்னொரு வரியை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. மெயிலின் முதல் வாக்கியம் அங்கே தானாக வந்து நிற்கும். பல கடைகளின் மெயிலில் அந்த இடத்தில் “படம் தெரியவில்லையா, இங்கே தொடவும்” என்று இருக்கும். காசில்லாமல் கிடைத்த இடம் இப்படிப் போகிறது. “புதுக் கருப்பட்டி வந்தாச்சு” என்பதற்குப் பக்கத்தில் “தேரிப் பனை, பங்குனி முதல் வாரக் காய்ச்சல்” என்று நின்றால் இரண்டும் சேர்ந்து முழுச் செய்தியாகிவிடும். பெயர் விஷயத்திலும் அப்படித்தான். ‘பதில் அனுப்ப வேண்டாம்’ என்று அர்த்தம் தரும் முகவரியிலிருந்து கடை நடத்துவது எனக்குப் புரிவதில்லை. கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் அனுப்புநர் இடத்தில் இருந்தால் ‘உடன்குடி’ என்று பொருள் வரியில் மறுபடி எழுதி இடத்தை வீணாக்க வேண்டியதில்லை.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு விதிகளைக் கடுமையாக்கியிருக்கின்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயில் அனுப்பும் நிறுவனம், ஒரே தொடுதலில் விலகிக்கொள்ளும் வசதியை வைத்தாக வேண்டும். குப்பை என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரத்தில் மூன்று பேர். சிறிய கடைகள் அந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை, ஆனாலும் அந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. விலக வேண்டும் என்பவரைத் தடுக்க ஐந்து கேள்வி கேட்பது, கடைக்குள் வந்தவரை வெளியே விடாமல் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

கடினமான வரி ஒன்று உண்டு. விலை ஏறியதைச் சொல்லும் வரி. மழை பொய்த்தாலோ ஏற ஆள் கிடைக்காவிட்டாலோ பதநீர் குறையும், விலை ஏறும். பலர் “புதிய பருவத்துக்கு வரவேற்கிறோம்” என்று பொருள் வரியில் எழுதிவிட்டு, விலையை மெயிலின் அடியில் சிறிய எழுத்தில் வைப்பார்கள். வாங்கப் போகும் நேரத்தில் அதைக் காண்பவருக்குக் கோபம் வருவது நியாயம். நான் “கருப்பட்டி விலை கூடியிருக்கிறது, காரணம் உள்ளே” என்றே எழுதுகிறேன். உள்ளே முதல் வரியில் பழைய விலை, புதிய விலை, பனை ஏறுபவருக்கும் விடிலியில் காய்ச்சுபவருக்கும் இந்த ஆண்டு கூலி எவ்வளவு கூடியது என்ற கணக்கு. “இந்த வருஷம் ஒரு கிலோ குறைச்சிக்கிறேன்மா, ஆனா ஏறுதவங்களுக்குக் கூலி கூடுனது சந்தோஷம்” என்று திருநெல்வேலியிலிருந்து ஒரு அண்ணாச்சி பதில் எழுதியிருந்தார். அதை அச்செடுத்து, அடுத்த நாள் விடிலிக்குச் சரக்கெடுக்கப் போன மாமாவின் கையில் கொடுத்தனுப்பினேன். அங்கே அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள்.